மணலுக்கு ஓர் உயரம்

விடிந்து வெளிச்சம் முற்றத்துக்கு வந்தபோது ஆழ்வாப்பிள்ளை பிக்கப்பின் அடியில் மல்லாந்து கிடந்தார். இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

மகாதேவி தேத்தண்ணியோடு வந்து நின்றாள்.

"இஞ்சருங்கோ, ஆறப்போகுது."

பதில் இல்லை.

"உங்களைத்தான்."

இரும்பில் இரும்பு தட்டுப்படும் சத்தம் மட்டும் வந்தது. அவள் கோப்பையைப் படியில் வைத்து மூடிவிட்டுக் குசினிக்குப் போனாள்.

மாசி மாதம் கப்பலால் இறங்கி வந்த நாளிலிருந்து இந்த மனிசன் இப்படித்தான். கூப்பிட்டால் சில வேளை உடனே திரும்புவார்; சில வேளை கல்லுப் போல இருப்பார். இரவில் பக்கத்தில் படுத்துக்கொண்டு மனதில் கிடப்பதைச் சொன்னால் முதுகுதான் கேட்டுக்கொண்டிருக்கும். எப்ப திரும்பிக் கப்பலுக்கு என்று கேட்டால், "பாப்பம்" என்பார். பருத்தித்துறையில் கப்பலுக்குப் போன ஆண்கள் வருவதும் போவதும் புதினம் இல்லை. போகும் நாளைச் சொல்லாமல் நிற்கிற ஆளைத்தான் மகாதேவி இப்ப பார்க்கிறாள்.

நிற்கிற ஆள் சும்மாவும் நிற்கவில்லை. வந்த கையோடு கிணற்றுக் கப்பியைக் கழற்றிப் பூட்டினார். பிறகு மகளின் சைக்கிள். பிறகு அயலவர் வீட்டுத் தையல் மெசின். கழற்றுவதற்கு வேறொன்றும் இல்லாமற் போன நேரத்தில்தான் போன வெள்ளிக்கிழமை வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் நெஞ்சை விட்டு இன்னும் இறங்கவில்லை. மணற்காட்டுக் கரையில் இன்னாசித்தம்பிச் சம்மாட்டியாரின் கரைவலை நிறையச் சூடை மீன். ஏற்றப்போன பிக்கப், சம்மாட்டியாரின் மீன்வாடிக்குக் கிட்டப் போக முன்னமே மணலில் வயிறு தட்டிக் குந்திவிட்டது. ஓட்டிப்போன அவளுடைய தம்பி கனகரத்தினம் ஓலையைப் போட்டான், பலகையைப் போட்டான், வலை இழுத்த ஆட்களே வந்து தோள் கொடுத்துத் தள்ளினார்கள். வண்டி வெளியே வரும்போது வெயில் ஏறி, ஐஸ் கரைந்து, மீனின் கண் வெளுத்துவிட்டது. அவ்வளவையும் கரையிலேயே கிடங்கு வெட்டித் தாட்டார்கள்.

சம்மாட்டியார் சத்தம் போடவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"பிள்ளை, செவ்வாய் விடிய வலை வளைப்பன். வண்டி வாடி வாசலுக்கு வந்தால் மீன் உனக்கு. வராட்டி உழவு மிசின்காரனோடை கதைச்சுப்போடுவன். பிறகு என்னைக் குறை சொல்லாதை."

மீன் வியாபாரத்தைத் தலைச்சுமையில் தொடங்கி, மாட்டு வண்டிலுக்கு வந்து, போன வருடம்தான் இந்த நீல நிற பிக்கப் வரை வந்திருந்தாள் மகாதேவி. டிராக்டர் மணலில் தாழாது; உழவு மிசின்காரன் அந்தக் கரையில் ஒருமுறை கால் வைத்தால் எடுக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்குத் திங்கள்.

படலை திறபட்டது. கனகரத்தினம் உள்ளே வந்தவன் நடுமுற்றத்தில் அப்படியே நின்றான். பிக்கப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, மூஞ்சியைத் தாழ்த்தி, புல்லு மேய்கிற மாடு போல நின்றது. பின்னால் இரண்டு புதிய அகலச் சில்லுகள்.

"அத்தான், ஆர் உந்தப் பெரிய கட்டையைப் பூட்டச் சொன்னது?"

ஆழ்வாப்பிள்ளை கப்பலால் கொண்டுவந்த மரப்பெட்டியில் இருந்த சாமான்கள் அவை. ஏதோ ஒரு துறைமுகத்தில், பாலைவனத்தில் ஓடுகிற பிக்கப்புகளைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவை. நாலு அகலச் சில்லு, நீளமான சொக் அப்சோபர், இரண்டு சோடி இரும்புக் கட்டை. பின்னச்சுக்கும் வில்லுத் தகட்டுக்கும் இடையில் கட்டையை வைத்து இறுக்கினால் வண்டி அந்தளவுக்கு மேலே எழும்பும். ஒரு சோடி உள்ளங்கை அகலம். மற்றது அதன் பாதி.

அவர் அடியிலிருந்து ஊர்ந்து வந்து, கையைச் சாரத்தில் துடைத்தார்.

"மணலிலை குந்தின வண்டி எவ்வளவு ஆழம் தாண்டது எண்டு நீதானே கண்டனீ. சின்னக் கட்டை அதுக்குக் காணுமோ?"

"மணல் அரை மைல் தூரம் அத்தான். மிச்சம் முழுக்கத் தார் றோட்டு. மீனும் ஐசும் ஏத்திக்கொண்டு வல்லைவெளியைத் தாண்டேக்கை சோளகக் காத்து அடிச்சால் இப்பவே வண்டி உலையுது. உந்த உயரத்திலை கவிழும்."

"சின்னக் கட்டை போட்டால் அகலச் சில்லு மட்காட்டிலை முட்டும். பழைய ஒல்லிச் சில்லு மணலைக் கிழிச்சுக்கொண்டு தாழும். அகலச் சில்லு வேணுமெண்டால் பெரிய கட்டைதான்."

"அப்ப அகலச் சில்லு வேண்டாம். ரயரிலை காத்தைக் குறைச்சு, சின்னக் கட்டையோடை நான் ஓடிக் காட்டிறன்."

"வெள்ளிக்கிழமை ஓடிக் காட்டினனீதானே."

கனகரத்தினத்தின் முகம் கறுத்தது.

"கப்பலிலை எஞ்சின் பாத்த எனக்கு நீ பாரம் படிப்பிக்க வாறாய்," என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"கப்பல் றோட்டிலை ஓடுறேல்லை அத்தான்."

மகாதேவிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள். தம்பி அவள் பக்கம் திரும்பினான்.

"அக்கா, நீ சொல்லு. மீன் வாங்கிறது நீ. உனக்கு எது வேணும்?"

அவளுக்குத் தெரிந்தது தம்பி சொல்வதுதான் சரி என்று. ஆனால் மூன்று மாதமாக ஒன்றிலும் பிடிப்பில்லாமல் திரிந்த மனிசன் நேற்றுத்தான் விசிலடித்துக்கொண்டு வேலை செய்தார். அதையும் கெடுப்பதா? அவள் குசினி வாசலில் நின்று கையில் ஒட்டிய மாவை உருட்டிக்கொண்டிருந்தாள்.

கனகரத்தினம் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சேட்டுப் பொக்கற்றிலிருந்து வண்டித் திறப்பை எடுத்துக் கிணற்றுக்கட்டில் வைத்தான்.

"அப்ப நீங்களே ஓடுங்கோ."

படலையை அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினான். ஆறினபிறகு வருவான் என்று மகாதேவி நினைத்தாள்.

முன்பக்கத்தை உயர்த்த ஆழ்வாப்பிள்ளையிடம் சாமான் இல்லை. அங்கே கட்டை வைக்க முடியாது. முறுக்குக் கம்பியைத் திருகவேண்டும். அதற்குக் கொக்குவில் செபநாயகத்தின் கராஜுக்குத்தான் போகவேண்டும். முன்சில்லு இரண்டையும் பிக்கப்பின் பின்பெட்டியில் ஏற்றினார். மீன் பாரத்தோடு எப்படி நிற்குது என்று பார்க்கவேண்டுமென்று ஈர மணல் மூட்டைகளையும் அடுக்கினார். மகாதேவியும் ஏறிக்கொண்டாள். தனியே விட அவளுக்கு மனமில்லை.

நெல்லியடிச் சந்தி தாண்டும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பின்னுக்கு அகலச் சில்லுகள் றோட்டுப் பள்ளங்களை விழுங்கிக்கொண்டு ஓடின. ஆழ்வாப்பிள்ளை சந்தோசமாக இருந்தார். "பாத்தியோ, பள்ளம் தெரியுதோ?" என்றார். அவள் "இல்லை" என்றாள். உண்மையில் தெரியவில்லை.

பிறகு மரங்கள் விட்டுப்போயின. வல்லைவெளி.

இரண்டு பக்கமும் தண்ணீரும் சேறும். நடுவில் ஒரு தார்க் கோடு. சோளகம் தடையில்லாமல் இடப்பக்கத்தால் வந்து வண்டியைத் தள்ளியது. முதலில் யன்னல் சட்டம் கிறுகிறுத்தது. பிறகு பின்பக்கம் ஒரு தரம் வலத்தே சாய்ந்து, இடத்தே வந்து, திரும்பச் சாய்ந்தது. பின்னால் மூட்டைகள் நகரும் சத்தம் கேட்டது.

"மெதுவாய்ப் போங்கோ."

"பயப்பிடாதை. கடலிலை இதைவிட உருளும்."

அவள் பின்கண்ணாடியால் பார்த்தாள். ஒரு பஸ். முந்துவதற்காக வலப்பக்கம் எடுத்துக்கொண்டு வந்தது. ஹோர்ன் அடித்தது. விட்டு விட்டு அடித்தது. பிறகு விடாமல் அடித்தது. ஆழ்வாப்பிள்ளை ஒதுங்கவில்லை. காற்றுக்குச் சரிக்கட்ட ஸ்ரியரிங்கை ஒடித்து, விட்டு, வண்டியை நடுறோட்டுக்கே கொண்டுவந்தார். பஸ்ஸின் சிவப்புப் பக்கம் அவருடைய தோளோடு வந்துவிட்டது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. விசிலடித்துக்கொண்டிருந்தார்.

"பஸ்! பஸ் வருது!"

அவள் பாய்ந்து ஸ்ரியரிங்கைப் பிடித்து இழுத்தாள். வண்டி இடப்பக்கம் ஒடிந்தது. அந்த உயரம் அந்த ஒடிவைத் தாங்கவில்லை. இடப்பக்கச் சில்லுகள் நிலத்தை விட்டு எழும்பின. ஒரு கணம் அவள் யன்னலால் வானத்தை மட்டும்தான் கண்டாள். மூட்டைகள் சரிந்தன, ஒன்று தெறித்து றோட்டில் விழுந்து வெடித்தது. அந்தப் பாரம் குறைந்ததாலோ என்னவோ, வண்டி ஒரு தரம் யோசித்து, தொப்பென்று நாலு சில்லிலும் விழுந்து நின்றது.

பஸ் முன்னே போய் நின்றது. சாரதி தலையை வெளியே நீட்டினார்.

"இவ்வளவு ஹோர்ன் அடிக்கிறன், செவிடனோ நீ? மனிசியையும் வைச்சுக்கொண்டு சாகப்போறியோ?"

ஆழ்வாப்பிள்ளை இறங்கி நின்று, கையை உயர்த்தி, அவரைப் பார்த்துச் சிரித்தார். ஏசுகிற ஆளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அல்ல அது. என்ன சொல்கிறார் என்று விளங்காத ஆளின் சிரிப்பு.

பஸ் போய்விட்டது. மகாதேவி இறங்கினாள்.

அவர் பின்சில்லுக்குப் பக்கத்தில் குந்தி நட்டுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவருடைய வலப்பக்கம் போய் நின்றாள்.

"இஞ்சருங்கோ," என்றாள் மெல்ல.

அவர் திரும்பவில்லை.

"இவ்வளவு நாளும் என்னோடை கோபமெண்டு நினைச்சன்."

நட்டு நட்டாகத் தடவினார்.

அவள் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தாள். அதே குரலில், "இஞ்சருங்கோ" என்றாள்.

உடனே நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். எங்கிருந்து எங்கே வந்து நிற்கிறாள் என்பதையும் பார்த்தார். கையிலிருந்த நட்டுச் சாவியைத் தார் றோட்டில் வைத்தார்.

"எந்தளவு கேக்குது?" என்று கேட்டாள் அவள்.

"வலது ஒண்டுமில்லை. இடதிலை குறைவில்லை."

"எப்ப?"

"போன மாரிக்கு. எஞ்சின் அறையிலை ஒரு குழாய் வெடிச்சது. பக்கத்திலை நிண்டன். கப்பல் டொக்டர் இனிச் சரிவராது எண்டு சொல்லிப்போட்டார்."

"அப்ப லீவு எண்டு சொன்னது?"

"லீவுதான். முடியாத லீவு."

காற்று அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடுங்கியது. அவள் இறுக்கிச் செருகினாள்.

"இரவிலை இடப்பக்கம் சரிஞ்சு படுக்கிறியளே..."

"அந்தக் காதைத் தலையணையிலை அமத்தினால் ஒண்டும் கேளாது. நித்திரை வரும்."

"நான் என்னென்ன எல்லாம் கதைச்சன் தெரியுமோ உங்களோடை?"

"என்ன கதைச்சனீ?"

அவளுக்கு அழுகை வந்தது. அழுகைக்கு முன்னமே கோபம் வந்தது.

"தெரிஞ்சுகொண்டே ஸ்ரியரிங்கிலை இருந்தியளோ? அந்த பஸ்ஸுக்குள்ளை எத்தினை சனம்! எனக்குச் சொல்ல என்ன வெக்கம்? நான் ஆர் உங்களுக்கு?"

அவர் தண்ணீர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொன்னால் என்னை மூலையிலை இருத்திப்போடுவியள். கப்பலுக்கும் இல்லை, வண்டிக்கும் இல்லை எண்டால் பிறகு நான் என்ன செய்யிறது, மகாதேவி?"

சரிந்த மூட்டைகளை இருவரும் ஒவ்வொன்றாக இறக்கி றோட்டோரம் வைத்தார்கள். மிச்சத் தூரம் அவர் ஊர்ந்துதான் ஓட்டினார். அவள் திரும்பிப் பின்கண்ணாடியைப் பார்த்தபடி, "கார் வருது. ஒதுங்குங்கோ. போயிட்டுது. இனி எடுங்கோ" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

செபநாயகம் கொக்குவிலில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கராஜ் வைத்திருந்தார். வாய் ஓயாத மனிசன். பிக்கப்பைச் சுற்றி ஒரு தரம் வந்தார்.

"ஏத்திறதெண்டால் ஏத்துவம். இறக்கிறதெண்டால் இறக்குவம். உங்கடை விருப்பம்."

"உங்கடை யோசனை என்ன?" என்று மகாதேவி கேட்டாள்.

"மணலெண்டால் உயரம் நல்லது. வெளியெண்டால் உயரம் குறைய நல்லது."

"ரண்டும் எண்டால்?"

"ரண்டு பிக்கப் வாங்கவேணும்."

தன் பகிடிக்குத் தானே சிரித்தார். அவர்கள் இருவரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். "என்னட்டைப் பழைய ஜீப் சில்லு ஒரு செற் கிடக்கு. ஒல்லி, ஆனால் நல்ல உயரம். அதைப் போட்டால் சின்னக் கட்டையோடை முட்டாது."

"ஒல்லிச் சில்லு மணலிலை தாழும்," என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"தாழும்தான்," என்று செபநாயகம் உடனே ஒத்துக்கொண்டார்.

மகாதேவி வண்டியின் பின்னால் போய் நின்றாள். பெட்டியின் விளிம்பு அவளுடைய நாடிக்கு வந்தது. கராஜ் மூலையில் கிடந்த ஒரு கடகத்தை எடுத்து, பழைய இரும்புகளை அள்ளிப் போட்டு, தலையில் வைத்தாள். பிறகு தலையிலிருந்து நேரே பெட்டிக்குள் இறக்கப் பார்த்தாள். ஏலவில்லை. குதிக்காலை உயர்த்தி இரண்டு கையாலும் தள்ளவேண்டி வந்தது. கடகம் சரிந்து இரும்பு கொட்டியது.

"மீன் சுமக்கிற பொம்பிளையள் ஒவ்வொரு கடகமும் இப்பிடித்தான் ஏத்தவேணும்," என்றாள். "பெரிய கட்டை வேண்டாம். முடிஞ்சுது."

ஆழ்வாப்பிள்ளை வாயைத் திறந்தார். வல்லைவெளி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மூடிக்கொண்டார்.

"அப்ப அகலச் சில்லு?" என்றார் செபநாயகம்.

"சின்னக் கட்டையைப் போட்டு, அகலச் சில்லையும் பூட்டிக் காட்டுங்கோ. எங்கை முட்டுதெண்டு பாப்பம்."

மத்தியானத்துக்குள் பெரிய கட்டைகள் கழன்றன. சின்னக் கட்டைகள் ஏறின. முன்னால் முறுக்குக் கம்பியை அதே அளவுக்குத் திருகி உயர்த்தினார்கள். அகலச் சில்லைப் பூட்டி ஜக்கை இறக்கியபோது, சொன்னபடியே ரயர் மட்காட்டோடு உரசியது. மகாதேவி நிலத்தில் முழங்காலைக் குத்தி, விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

"உள்ளுக்கை இடம் கிடக்கு. இந்த விளிம்பிலைதான் முட்டுது. விளிம்பு இல்லாட்டி?"

"இல்லாட்டி முட்டாது," என்றார் செபநாயகம். "ஆனால் அக்கா, புது வண்டி. வெட்டினால் திரும்ப ஒட்டேலாது."

"வெட்டுறதோ!" ஆழ்வாப்பிள்ளை இரண்டடி முன்னே வந்தார்.

அந்த வண்டி வாங்கியபோது அவர் நடுக்கடலில் இருந்தார். அவள் அனுப்பிய படத்தை எஞ்சின் அறைக் கதவில் ஒட்டி வைத்திருந்தவர். வந்த நாளிலிருந்து விடியற்புறம் முகம் கழுவுமுன் வண்டியைத்தான் துடைப்பார். மகாதேவிக்கு அது தெரியாமல் இல்லை.

"மீன் ஏத்திற வண்டி," என்றாள் அவள், அவருடைய இடப்பக்கமாக நின்று. "வடிவு பாக்க வாங்கேல்லை."

அவர் மட்காட்டின் நீல விளிம்பில் கையை வைத்துத் தடவினார். செபநாயகமே வாயை மூடிக்கொண்டு நின்றார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"வெண்கட்டி இருக்கோ?" என்று கேட்டார் கடைசியில். "நானே வெட்டிறன். பிறத்தியான் கை வைச்சால் கோணும்."

வளைவாகக் கோடு கீறினார். தகடு வெட்டும் கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, விளிம்பை உள்ளே மடித்துத் தட்டினார். நாலு மட்காட்டும் முடித்து நிமிர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நீல வண்டி கடித்து வைத்த அப்பம் மாதிரி நின்றது. ஆனால் நாலு சில்லும் சுதந்திரமாகச் சுழன்றன.

செபநாயகம் வெட்டிய இடத்துக்குத் துருப்பிடிக்காத மை பூசிக்கொண்டே சொன்னார்:

"தம்பி நிண்டிருந்தால் சந்தோசப்பட்டிருப்பார். காலமை வந்து என்ரை ஜக்கைத் திருப்பித் தந்துபோட்டுப் போனவர். சிநேகிதன் குருநகர் அருட்பிரகாசமும் கூட. இண்டைக்கு மெயில் ரயிலிலை கொழும்புக்குப் போகினமாம், அங்கையிருந்து டுபாயாம். ஏசென்சியிலை முந்தியே இடம் பதிஞ்சு வைச்சவையாம். எவ்வளவு நாளைக்கெண்டு கேட்டன், சொல்லேல்லை."

மகாதேவி கையிலிருந்த துணியைக் கீழே விட்டாள்.

"ஆர், கனகுவோ?"

"ஓம் அக்கா. உங்களுக்குத் தெரியாதோ?"

மகாதேவி ஆழ்வாப்பிள்ளையைப் பார்த்தாள். அவருக்குக் கேட்டிருந்தது.

"வண்டியை எடுங்கோ. ஸ்ரேசனுக்குப் போவம்," என்றாள். ஏறியபிறகு சொன்னாள்: "நான் கேக்கமாட்டன். நீங்கள்தான் கேக்கவேணும்."

"நானோ? என்ரை முகத்திலை முழிப்பானோ அவன்?"

"நான் கேட்டால் அக்காவுக்காக நிப்பான். நிண்டுகொண்டு வாழ்நாள் முழுக்க மூஞ்சியை நீட்டுவான். காலமை அவன் என்னட்டைக் கேட்டபோது நான் வாயைத் திறந்திருக்கவேணும். திறக்கேல்லை. இப்ப போய் எந்த வாயாலை கேக்கிறது?"

"காதைப் பற்றியும் சொல்லவேணுமோ?"

"அது உங்கடை விருப்பம்."

யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் மெயில் ஏற்கெனவே நின்றது. வழியனுப்ப வந்த சனம் யன்னல்களை மறைத்துக்கொண்டு நின்றது. மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்றின் வாசலில் கனகரத்தினம் நின்றதை மகாதேவிதான் முதலில் கண்டாள். புதுச் சப்பாத்து. தோளில் ஒரு பை. அவனைக் கையால் காட்டிவிட்டு அவள் தூணோரம் நின்றுவிட்டாள். ஆழ்வாப்பிள்ளை தனியே போனார்.

இவ்வளவு இரைச்சலுக்குள் என்ன கதைத்தார்கள் என்று முழுதும் அவளுக்குக் கேட்கவில்லை. கனகரத்தினம் உள்ளே திரும்பப் பார்த்தான். அத்தான் அவன் கையைப் பிடித்தார். பிறகு ஏதோ கேட்டார். பதில் வந்தபோது தலையைத் திருப்பி இடக்காதைக் கொடுத்தார். கனகரத்தினம் அதைக் கண்டு முகத்தைச் சுளித்தான். விளங்காமல்தான். மகாதேவி பொறுக்கமாட்டாமல் கிட்டப் போனாள்.

"...பஸ் வந்தது எனக்குக் கேக்கேல்லை," என்று ஆழ்வாப்பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்துச் சனம் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உரத்த குரல். தன் குரலின் அளவு அவருக்கே தெரியவில்லை. "இந்தக் காது போயிட்டுது. உன்ரை அக்காவை இண்டைக்குச் சாக்காட்டியிருப்பன். நீ சொன்ன உயரம்தான் சரி. நான் பிழை."

கனகரத்தினம் அத்தானைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். விசில் ஊதியது. உள்ளேயிருந்து அருட்பிரகாசம் அவனுடைய சேட்டைப் பிடித்து இழுத்தான். "ஏறடா, கதவிலை நிக்காதை!"

பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. கனகரத்தினம் கூடவே நகர்ந்தான். ஒரு பெட்டித் தூரம் போயிருக்கும். அதன் பிறகு பையோடு குதித்து, தடுமாறி, இரண்டு பேரை இடித்துக்கொண்டு நின்றான்.

"அடுத்த கிழமை வாறன்!" என்று ரயிலைப் பார்த்துக் கத்தினான். "ஏசென்சிக்காரனிட்டை என்ரை இடத்தைச் சொல்லி வை!"

திரும்பி நடந்து வந்தான். மகாதேவியின் முன்னால் நின்றான்.

"நாளைக்கு மீன்பாடு ஏத்தித் தாறன் அக்கா. இந்தக் கிழமை முழுக்க ஓடுறன். அதுக்குப் பிறகு என்னை மறிக்கக்கூடாது."

"மறிக்கேல்லை," என்றாள் அவள்.

வெளியே வந்து பிக்கப்பைக் கண்டதும் கனகரத்தினம் வாயைப் பிளந்தான்.

"ஐயோ! ஆர் உதை வெட்டினது?"

"அத்தான்."

"அவரோ! ஆர் வெட்டச் சொன்னது?"

"நான்."

அவன் சுற்றி வந்து, குந்திப் பார்த்து, அகலச் சில்லைக் காலால் தட்டினான். பிறகு சிரித்தான். ஆழ்வாப்பிள்ளையும் கொஞ்சம் சிரித்தார்.

திறப்பைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு அவர் யன்னலோரம் ஏறப்போனார். மகாதேவி மறித்தாள்.

"நீங்கள் நடுவிலை இருங்கோ. நான் கரையிலை இருக்கிறன். இல்லாட்டி நான் சொல்லுறது உங்களுக்குக் கேளாது."

கோப்பாய் தாண்டும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆழ்வாப்பிள்ளைதான் தொடங்கினார்.

"மணலிலை நான் ஓடுறன் தம்பி. அங்கை பஸ்ஸும் இல்லை, ஹோர்னும் இல்லை. கரையிலிருந்து தார் வரைக்கும் நான் கொண்டு வந்து தாறன். றோட்டிலை நீ எடு."

கனகரத்தினம் யோசித்தான். "ஓம். அது நல்லது."

கொஞ்சத் தூரம் போனபிறகு ஆழ்வாப்பிள்ளை திரும்பக் கேட்டார்.

"அடுத்த கிழமைக்குப் பிறகு? றோட்டிலை ஆர் ஓடுறது?"

கனகரத்தினம் முன்னே பார்த்தபடி கியரை மாற்றினான். மகாதேவி கணவனின் முழங்காலுக்கு மேலால் குனிந்து, தம்பியின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடக்கால் எதை மிதிக்கிறது, வலக்கால் எப்போது எழும்புகிறது, கை எந்தப் பக்கம் தள்ளுகிறது.

"என்னக்கா பாக்கிறாய்?"

"ஒண்டுமில்லை," என்றாள் மகாதேவி. "மெதுவாய் ஓடு. எனக்கு வடிவாய்த் தெரியவேணும்."